முழங்காலுக்குள் ஒரு பிறை

ரமலான் 1

நோன்பு பிறந்துவிட்டது. பிறை பார்த்துச் சொன்னது நான். இருபத்திரண்டு வருடமாக ஊருக்கு முதலில் பார்த்துச் சொல்பவன் நான்தான். இந்த வருடமும் அதில் மாற்றமில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் கால் போய்விட்டது. பள்ளிவாசல் மினாராவுக்குள் படி குறுகல், ஒரு ஆள்தான் ஏற முடியும். நேற்று சூரியன் மறைந்து மஃரிபு தொழுகை நேரத்தில் மேலே நான் ஒருவன். கீழே முற்றத்தில் பள்ளி இமாம் ஹஜ்ரத்தும் ஜமாஅத்தாரும் அண்ணாந்து நின்றார்கள். "சார், தெரியுதா?" என்று ஹஜ்ரத் குரல் கொடுத்தார். தெரியுது என்றேன். கீழே 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் முழங்கியது. நல்ல செய்தியை நேரில் சொல்லும் ஆசையில் விறுவிறுவென்று இறங்கினேன். திருப்பத்தில் வலது பாதம் படியிலேயே நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. முழங்காலுக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம். அதிலிருந்து கால் பாதி மடங்கியபடியே நிற்கிறது. நீட்டவும் வரவில்லை, முழுதாக மடக்கவும் வரவில்லை. நாலு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள்.

ஜமாஅத் செயலாளர் ஹனீபா என் மைத்துனன். எனக்குப் பின்னால் அவனும் மினாராவில் ஏறப் போனானாம். அதற்குள் பிறை இறங்கியிருக்கும் என்று ஹஜ்ரத் சொல்லிவிட்டாராம். "சார் சொன்னா போதும். நோன்புப் பிறைக்கு நம்பிக்கையான ஒருத்தர் சாட்சி போதும்" என்றாராம். ஊர் முழுக்க இன்று என் ஒரு வார்த்தையில் நோன்பு பிடித்திருக்கிறது.

பிடிக்காதவன் நான் ஒருவன்தான். உள்ளூர் டாக்டர் மூன்று வேளை மாத்திரை எழுதிவிட்டார். கட்டிலில் கிடந்து இட்லி தின்றேன். தொண்டையில் இறங்கவில்லை.

ரமலான் 2

அக்கரை ஊர்க்காரர்களுக்கு இன்றுதான் தலை நோன்பு. நமக்கு ஒரு நாள் பின்னால். ஆற்றுக்கு இந்தப் பக்கம் தெரிந்த பிறை அந்தப் பக்கம் தெரியவில்லையாம். தெரியாவிட்டால் கண்ணாடி போட வேண்டியதுதானே.

ரமலான் 4

இந்த நோட்டை விற்றவன் கையில் கிடைத்தால் கேட்பேன். கோடு போட்ட நோட்டு என்று காசு வாங்கினான், கோட்டைக் காணோம். முந்தாநாள் எழுதியதை மைமூன் பார்த்துவிட்டு, "ஒரு வரி மேல ஒரு வரி ஏறிக் கெடக்கே" என்றாள். முப்பத்தோரு வருடம் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தியவனுடைய கையெழுத்தைக் குறை சொல்ல வந்துவிட்டாள், என் வீட்டுக்காரி. பார்த்ததைப் பார்த்த அன்றே தேதி போட்டு எழுதுவது எனக்கு ஆய்வகத்திலிருந்து வந்த பழக்கம். கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எழுதுவேன்.

இந்த அறை பல்பும் சரியில்லை. மாற்றச் சொல்லி மூன்று தடவை சொல்லியாயிற்று. மாற்றினேன் என்கிறாள்.

ரமலான் 6

கட்டில், கழிப்பறை, கட்டில். வாக்கரை ஊன்றிப் போய்வர இருபது நிமிடம் ஆகிறது. முழங்கால் ஒரு விரல்கடை கூட நீளவில்லை. உள்ளே யாரோ கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்ட மாதிரி இருக்கிறது.

தெரு ஜன்னல் வழியாகத்தான் ஊர் எனக்கு வருகிறது. சாயங்கால அஸர் தொழுகைக்குப் போகிற இரண்டு பேர் ஜன்னலடியில் நின்று பேசினார்கள். "ஆறாம் பிறையா இது? நேத்துப் பாத்தியால, அஞ்சுக்குண்டான தடிமன் இல்லியே?" என்றான் ஒருவன். இவர்களுக்கெல்லாம் தடிமன் கணக்கு எப்போது தெரிந்தது? வானத்தை நிமிர்ந்து பாராதவன் எல்லாம் பேச வந்துவிட்டான்.

நான் பார்த்தேன். தெரிந்தது என்று சொன்னேன். அவ்வளவுதான்.

ரமலான் 9

பாளையங்கோட்டைக்குப் போய் ஸ்கேன் எடுத்தோம். ஹனீபா காரில் பின் சீட்டு முழுக்க என் கால் ஒன்றே பிடித்துக்கொண்டது. மைமூன் முன் சீட்டில்.

எலும்பு டாக்டர் எபனேசர் நல்ல மனிதர், சிரித்த முகம். ஸ்கேன் தாளை என்னிடம் நீட்டினார். எழுத்தைப் பொடியாக அடித்திருந்தார்கள், மை வேறு மங்கல். மைமூனிடம் கொடுத்தேன். அவள் எழுத்துக்கூட்டி, "மெனிஸ்கஸ்னு போட்டிருக்கு" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெனிஸ்கஸா! முப்பத்தோரு வருடம் நான் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தை. கண்ணாடிக் குழாயில் திரவத்தின் மேல்மட்டம் வளைந்து நிற்குமே, அதற்குப் பெயர் அது. 'மெனிஸ்கஸைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவா, அடி வளைவைப் பார்த்து அளவு எழுது' என்று எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். அது என் காலுக்குள் என்ன செய்கிறது?

டாக்டர் ரசித்துச் சிரித்தார். "ரெண்டும் ஒரே வார்த்தைதான் சார். கிரேக்கம். எங்கப்பா சபை போதகர், கிரேக்க வேதாகமம் படிச்சவங்க. நான் எலும்புக்குப் படிக்கப் போனப்ப அவங்கதான் சொன்னாங்க. மேனேன்னா நிலா. மெனிஸ்கோஸ்னா குட்டி நிலா, அதாவது பிறை. வளைஞ்சு, ஓரம் மெலிஞ்சு எது இருந்தாலும் அந்தப் பேரை வச்சுட்டாங்க. உங்க குழாயில தண்ணி வளைஞ்சு நிக்கி. முழங்கால்ல தொடை எலும்புக்கும் கால் எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி ரெண்டு சவ்வு, அதுவும் பிறை மாதிரியே இருக்கும்."

"ஒரு காலுக்கு ரெண்டா?"

"ஆமா. உள்பக்கம் ஒண்ணு, வெளிப்பக்கம் ஒண்ணு. உங்களுக்கு உள்பிறை கிழிஞ்சு, கிழிஞ்ச துண்டு புரண்டு மூட்டுக்கு நடுவுல போய் மாட்டிக்கிட்டு. அதான் கால் பூட்டிக்கிச்சு. அதை எடுத்துச் சரி பண்ணாத வரை நீளாது."

மைமூன் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "இவங்கதான் எங்க ஊருக்குப் பிறை பாக்குறவங்க. பிறை பாத்துட்டு எறங்கும்போதுதான் விழுந்தாங்க" என்றாள். டாக்டர் மேசையிலிருந்து ஒரு படத்தை எடுத்து, முகம் என் பக்கமே இருக்க, ஜன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடித்தார். "அப்ப உங்களுக்கு லேசாப் புரிஞ்சிடும். இந்தா, நடுவுல கறுப்பா, மெலிசா ஒரு பிறை. தெரியுதா?"

"தெரியுது" என்றேன்.

"நல்லாத் தெரியுதா?"

"நல்லாவே தெரியுது."

அறுவைச் சிகிச்சைக்கு அடுத்த வாரமே நாள் சொன்னார். பெருநாளுக்கு மறுநாள் வைத்துக்கொள்ளலாம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். தள்ளிப்போடுவது நல்லதில்லை, அதுவரை காலை ஊன்றவே கூடாது என்று எச்சரித்து அனுப்பினார்.

ரமலான் 10

மைமூனுக்கு வாய் நிற்காது. நேற்று நான் எழுதாமல் விட்டதை இன்று தெருவுக்கே சொல்லிச் சிரித்துவிட்டாள். எழுதினால்தான் என்ன, எழுதிவிடுகிறேன். டாக்டர் படத்தை உயர்த்திப் பிடித்திருக்கும்போதே நர்ஸ் உள்ளே வந்து, "டாக்டர், அது வேற ஆளோட இடுப்புப் படம்" என்றாள். டாக்டர் திருப்பிப் பார்த்து, "அட, என் தப்பு" என்று சிரித்தார். மைமூனும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

சிரித்து முடித்ததும் டாக்டர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சார், கண்ணைக் காட்டியிருக்கீங்களா?" என்றார்.

கண் நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். வந்தது காலுக்கு, கேட்பது கண்ணை. இந்தக் காலத்து டாக்டர்கள் எல்லோரும் இப்படித்தான், ஒன்றுக்குப் போனால் நாலு டெஸ்ட் எழுதுவார்கள்.

ரமலான் 14

மாலை மைமூன் கொல்லைப்புறத்திலிருந்து வந்தாள். "பதினாலுங்குறோம், நிலா ஒரு பக்கம் இன்னும் ரொம்பலியே" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டேன். "வானத்தில் தூசி" என்றேன்.

"என்ன தூசியோ" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ரமலான் 15

எழுதுவதற்கு ஒன்றுமில்லை. கால் அப்படியே இருக்கிறது.

ரமலான் 18

அஸருக்குப் பிறகு ஹனீபா வந்தான். கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"மச்சான், ஊருக்குள்ள ஒரு பேச்சு ஓடுது. பிறை ஒரு நாள் முந்திருச்சுன்னு சொல்லுதானுவ. அக்கரைக்காரன் சிரிக்கான். நீங்க மட்டும் உறுதியா நில்லுங்க, மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

"நான் எங்கடா நிற்பது, எனக்குத்தான் காலே இல்லையே" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

"இல்ல மச்சான், வெளையாட்டு இல்ல. நீங்க பாத்தீயல்லா?"

"என்னடா கேள்வி இது?"

"சும்மா கேட்டேன்" என்று எழுந்துவிட்டான். கேட்டவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ரமலான் 21

மத்தியானச் சோற்றுத் தட்டில் மீன் முள்ளை எடுக்கத் தெரியாமல் தொண்டையில் மாட்டிக்கொண்டது. ஊரே பட்டினி கிடக்க நான் மீன் தின்றதற்குத் தண்டனை. மைமூன் ஓடிவந்து சோற்றை உருட்டிக் கொடுத்து இறக்கினாள். அப்புறம் மீதி மீனை அவளே முள் எடுத்து வைத்தாள். சின்னப் பிள்ளைக்கு எடுத்து வைப்பதுபோல. கோபம் வந்தது. தின்றேன்.

ரமலான் 23

பகலெல்லாம் கிடந்தபடியே யோசித்ததில் ஒரு பையன் நினைவுக்கு வந்தான். இசக்கிராஜ், பன்னிரண்டாம் வகுப்பு. ஆய்வகத்தில் மூன்று தடவை அளந்து மூன்று அளவு எழுத வேண்டும். அவன் மூன்றுக்கும் ஒரே அளவைப் புள்ளி பிசகாமல் எழுதிவிட்டான். குழாயைப் பார்க்கவே இல்லை. எவ்வளவு வரவேண்டும் என்று பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதியிருந்தான். பிராக்டிகல் வகுப்பில் எல்லா ஊரிலும் பிள்ளைகள் செய்கிற திருட்டுத்தான் அது. நான் அவனை வகுப்பு முடியும்வரை முட்டி போட வைத்தேன். "வரவேண்டியதை எழுதாதேடா, வந்ததை எழுது" என்று கத்தினேன். அவன் அழுதுகொண்டே, "எல்லாரும் எழுதி முடிச்சுட்டு எனக்காகக் காத்துக்கிட்டு இருந்தாங்க சார்" என்றான்.

இவ்வளவு வருடம் கழித்து அவன் ஏன் நினைவுக்கு வர வேண்டும்? படுத்தே கிடந்தால் மூளை கெட்டுப்போகும்.

ரமலான் 26

ஹஜ்ரத் நலம் விசாரிக்க வந்தார். போகிறபோக்கில் கேட்கிற மாதிரி நான் ஒரு சந்தேகம் கேட்டேன். "முப்பது நோன்பு முடிந்தும் பிறை தெரியாவிட்டால் என்ன செய்வது?"

"நல்ல சாட்சி சொல்லி நோன்பு ஆரம்பிச்சிருக்கோம். முப்பது முடிஞ்சா மறுநாள் பெருநாள்தான் சார். பிறை தெரிஞ்சாலும் சரி, தெரியாட்டியும் சரி."

"சாட்சி தப்பாக இருந்தால்?"

ஹஜ்ரத் விரல் விட்டு எண்ணினார். "நம்ம கணக்குக்கு முப்பதுங்குறது நிஜத்துல இருபத்தொன்பதா இருக்கும். அன்னிக்குப் பிறை தெரிஞ்சுட்டா தப்பிச்சோம். தெரியலைன்னா, மறுநாள் நோன்பு நாள்லயே ஊர் பூரா நோன்பை விட்டுட்டுப் பிரியாணி தின்னும். அந்தப் பாவம் சாட்சி சொன்னவருக்கு." பிறகு சிரித்தார். "உங்க சாட்சிக்கு என்ன சார் கேடு? நிம்மதியாத் தூங்குங்க."

நிம்மதியாகத் தூங்க வேண்டுமாம்.

ரமலான் 28

தெருவெல்லாம் பெருநாள். தையல்காரன் வீட்டு வாசலில் பிள்ளைகள் கூட்டம் என்று மைமூன் சொல்கிறாள். மைதானத்தில் பந்தல் போடுகிறார்களாம். ஹனீபா ஆட்டுக்குச் சொல்லிவிட்டான்.

எனக்கு இந்த அறையில் மூச்சு முட்டுகிறது. எழுந்து வெளியே ஓடிவிட வேண்டும்போல் இருக்கிறது. எழுந்தால் கால் வராது. அல்லாஹ் என்னை வேண்டுமென்றேதான் இந்தக் கட்டிலில் கட்டிப் போட்டிருக்கிறான்.

ரமலான் 29

ஊரே மொட்டை மாடிகளில் ஏறிப் பார்த்தது. யாருக்கும் தெரியவில்லை. துளி மேகம் கிடையாதாம். இனி நாளை மாலை ஒன்றுதான் பாக்கி. நாளைக்கும் தெரியாவிட்டால் என் வாய் சொன்னதை நம்பி ஊர் ஒரு நோன்பைத் தின்றுவிடும்.

ரமலான் 30, காலை

பார்த்ததைப் பார்த்த அன்று எழுதுகிறவன் நான் என்று இந்த நோட்டில் பெருமை அடித்திருக்கிறேன். அன்று எழுதாததை இன்று எழுதுகிறேன்.

மினாரா உச்சியில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மேற்கே வெளுப்பாக ஒரு கலங்கல், அவ்வளவுதான். இரண்டு வருடமாகவே எனக்கு எல்லாம் கலங்கல்தான். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் பிறை கீழிருந்தே தெரிந்தது; பக்கத்தில் நின்றவர்கள் 'அதோ' என்று கை நீட்டியதும் நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன், பிழைத்துக்கொண்டேன். இந்த வருடம் மேலே நான் ஒருவன். கீழே அத்தனை முகங்கள் எனக்காகக் காத்து நின்றன. தெரியவில்லை என்று சொன்னால் 'சாருக்குக் கண் போய்விட்டது' என்பார்கள். அடுத்த வருடம் வேறு ஆளை ஏற்றுவார்கள். தெரியுது என்று சொல்லிவிட்டேன். 'எங்கே, காட்டுங்க' என்று யாராவது ஏறி வந்துவிடக் கூடாதே என்றுதான் அப்படி ஓடி இறங்கினேன். நல்ல செய்தி சொல்லும் ஆசை எல்லாம் பொய்.

மைமூனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அடுப்படியில் நாளைக்கு இஞ்சி பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள், அந்தக் கையோடு வந்து நின்று கேட்டாள். அதிர்ச்சியே இல்லை அவள் முகத்தில்.

"கண்ணு போச்சுன்னு வாயத் தொறந்து சொல்லுததுக்கு ஒரு காலும் போவணுமா உங்களுக்கு?" என்றாள். சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள்.

ரமலான் 30, இரவு

அஸருக்குப் பிறகு ஹஜ்ரத்துக்கு ஆள் அனுப்பினேன். அவருக்கு முன்னால் ஹனீபா வந்துவிட்டான். அக்காக்காரி சொல்லியிருக்கிறாள். வேர்த்து விறுவிறுத்து வந்தான்.

"மச்சான், உங்க காலப் பிடிச்சுக் கேக்கேன். இன்னும் ஒண்ணரை மணி நேரம். மஃரிபு வரைக்கும் வாயத் தொறக்காதீய. இன்னிக்குப் பிறை தெரிஞ்சுட்டுன்னு வைங்க, ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரியாது. உங்க மானமும் போவாது, ஊர் மானமும் போவாது."

"தெரியலைன்னா?"

"தெரியலைன்னா முப்பது முடிஞ்சுதுன்னு பெருநாள். அதுக்குச் சட்டம் இருக்கு."

"அந்தச் சட்டத்துக்குக் கீழே கிடப்பது என் பொய்டா."

"அக்கரைக்காரன் முன்னால நான் எப்படித் தலை நிமிந்து நடப்பேன் மச்சான்?" அவன் குரல் உடைந்தது. பாவமாக இருந்தது. ஆசையாகவும் இருந்தது, அதை மறைத்து என்ன பயன். ஒன்றரை மணி நேரம்தானே, பொறுத்துப் பார்த்துவிடலாமே என்று உள்ளே ஒருவன் சொல்லிக்கொண்டேதான் இருந்தான். இப்படி ஒரு தடவை பொறுத்துப் பார்த்துத்தான் இந்த நிலைமைக்கு வந்தேன்.

ஹஜ்ரத் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் "ஏன் சார்?" என்று மட்டும் கேட்டார்.

"எல்லாரும் காத்துக்கொண்டிருந்தீர்கள்" என்றேன். எனக்கே அசிங்கமாக இருந்தது.

"நானே மைக்குல அறிவிச்சிடுதேன். உங்க பேரு வேண்டாம். பிறைக் கணக்குல பிசகுன்னு சொல்லிக்கிடலாம்."

"வேண்டாம் ஹஜ்ரத். நானே சொல்கிறேன்."

அவர் பள்ளிக்குப் போய் அங்கிருந்து போன் போட்டு, போனை மைக் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். நான் கட்டிலில் கிடந்தபடி பேசினேன். "அஸ்ஸலாமு அலைக்கும். மசூது சார் பேசுகிறேன். ரமலான் பிறையை நான் பார்க்கவில்லை. பார்க்காமலே பார்த்தேன் என்று சொன்னேன். எனக்குக் கண் சரியில்லை. இன்றைக்கு முப்பது இல்லை, இருபத்தொன்பது. இன்று பிறை தெரிந்தால்தான் பெருநாள். ஊர் என்னை மன்னிக்க வேண்டும்."

என் குரல் மினாரா வழியாகப் போய், ஜன்னல் வழியாக எனக்கே திரும்பி வந்தது. தெருவில் செருப்புச் சத்தம் நின்றுபோனது. யாரோ ஒருவர் ஜன்னலருகே வந்து, "இதை ஒரு மாசத்துக்கு முன்னால சொல்லித் தொலைச்சிருந்தா என்ன சார்?" என்று கத்திவிட்டுப் போனார். அவர் கேட்டது சரிதான்.

மஃரிபு ஆயிற்று. ஊர் முழுக்க மாடிகளில் நிற்பதாக மைமூன் வந்து சொன்னாள். ஜன்னல் பக்கம் காதை வைத்துக் கிடந்தேன். அரை மணி நேரம் கழித்து மைக்கில் ஹஜ்ரத் பேசினார். உள்ளூரிலும் இல்லை, அக்கரையிலும் இல்லை. பிறை யாருக்கும் தென்படவில்லை. நாளை நோன்பு.

ரமலான் 30, மறுபடியும்

ஊரே நோன்பு. திட்டிக்கொண்டே நோன்பு. மருதாணி போட்ட கைகளோடு பெண் பிள்ளைகள் நோன்பு. வாங்கிய ஆட்டுக்கு இன்னொரு நாள் தழை போட வேண்டும் என்று ஹனீபா அக்காளிடம் போனில் கத்தினான். என்னோடு பேசவில்லை. அடுத்த வருடம் மினாராவில் வேறு ஆள் ஏறுவார் என்று விடிகாலை சுபுஹு தொழுகைக்குப் பிறகு பள்ளியில் முடிவு செய்துவிட்டார்களாம்.

இரவு மாத்திரையை விடியுமுன் ஸஹர் சாப்பாட்டோடேயே போட்டுக்கொண்டு நானும் நோன்பு பிடித்தேன். கால் வலி உயிர் போகிறது. பகல் பன்னிரண்டு மணிக்கு மைமூன் மாத்திரையும் தண்ணீருமாக வந்து நின்றாள். "உங்களுக்குக் கடமை இல்லைன்னு ஹஜ்ரத்தே சொல்லியிருக்காருல்லா. வீம்புக்கு எதுக்குக் கெடந்து சாவுதீய?"

"என்னால் ஊருக்கு ஒரு நோன்பு கூடிவிட்டது. இதை மட்டுமாவது அவர்களோடு சேர்ந்து பிடிக்கிறேன், எடுத்துக்கொண்டு போ" என்றேன்.

அவள் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தொண்டை வறள்கிறது. மஃரிபுக்கு இன்னும் ஆறரை மணி நேரம் இருக்கிறது. ஒரு மாதத்தில் இன்றைக்குத்தான் எனக்குப் பசிக்கிறது.